வீட்டுக் கணினியை வெளியூரிலிருந்து இயக்க: போர்ட்டைத் திறக்காத ஒரு வழி

புத்தகப் பக்க வடிவமைப்பு என் தொழில். அதற்கு வேண்டியவை எல்லாம் கும்பகோணத்தில் என் வீட்டு மேசைக் கணினியில் இருக்கின்றன. நடந்துகொண்டிருக்கும் நூல்களின் இன்டிசைன் கோப்புகள், அவற்றோடு இணைந்த படங்கள், யூனிகோடுக்கு முந்தைய காலத்துப் பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சாகி மறுபதிப்புக்கு வரும் பழைய நூல்கள் ஆகிய அனைத்தும் அங்கேதான். பதிப்பக வேலையாகச் சென்னையில் தங்கும் நாட்களில், ஒரு பக்கத்தின் அடிக்குறிப்பை மாற்ற வேண்டும் என்றாலும் அந்தக் கணினி எனக்குத் தேவை. கோப்புகளை கூகுள் டிரைவில் ஏற்றி வைத்துக்கொண்டால் போதாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பக்க வடிவமைப்புக் கோப்பு தனியாக வேலை செய்யாது. அதே எழுத்துருவின் அதே பதிப்பு, அதே படங்கள், அதே துணை மென்பொருள்கள் ஆகியவை உடன் இல்லையென்றால் வரிகள் ஓடிப் பக்க எண்களே மாறிவிடும். ஆகவே எனக்கு வேண்டியது கோப்பு அன்று, அந்தக் கணினியே.

இதற்கு, தொலைவிலுள்ள கணினியின் திரையை நம் கணினியில் கண்டு இயக்க விண்டோஸில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் வசதியைத்தான் பயன்படுத்துகிறேன். அதை இயக்கும் சுவிட்ச் அமைப்புகளில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. ஆனால் அந்தச் சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே இரண்டு விஷயங்களை முடிவு செய்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளியிலிருந்து கணினிக்கு வரும் வழி எது, கவனிக்க ஆளில்லாதபோது அந்தக் கணினிக்கு மின்சாரமும் இணையமும் தொடர்ந்து கிடைப்பது எப்படி என்பவையே அவை. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் சுவிட்சிலிருந்து தொடங்குவதால், இதை விரிவாக எழுத நினைத்தேன்.

முதலில் ஒரு சின்னச் சரிபார்ப்பு. விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள கணினியிலிருந்து வேறு கணினிகளுக்கு ரிமோட் டெஸ்க்டாப் மூலம் செல்லலாம். ஆனால் அந்தக் கணினிக்குள் யாரும் அவ்வழியில் வர முடியாது. உள்ளே வர வேண்டுமானால் புரோ, எஜுகேஷன், என்டர்பிரைஸ் பதிப்புகளில் ஒன்று வேண்டும். அமைப்புகளில் சிஸ்டம் பகுதியின் அடியில் உள்ள அபௌட் பக்கத்தில் எந்தப் பதிப்பு என்று தெரியும். கடையில் வாங்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும். ஹோம் பதிப்பின் கோப்புகளைத் திருத்தி இந்த வசதியைத் திறந்துவிடும் நிரல்கள் உலவுகின்றன. ஒவ்வொரு விண்டோஸ் அப்டேட்டிலும் உடையக்கூடிய அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு குரோம் ரிமோட் டெஸ்க்டாப் அல்லது திறமூல மென்பொருளான ரஸ்ட்டெஸ்க் போதும். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பில் நாம் நுழைந்ததும் வீட்டிலுள்ள திரை பூட்டப்பட்டுவிடும். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நாம் செய்வது எதுவும் தெரியாது. மற்ற இரண்டிலும் அந்தத் திரையில் உள்ளதே நமக்கும் காட்டப்படுவதால், நாம் திறக்கும் ஒவ்வொரு கோப்பும் அங்கேயும் விரியும்.

இனி வழியைப் பற்றிப் பேசலாம். ரிமோட் டெஸ்க்டாப் 3389 என்ற போர்ட்டில், அதாவது கணினிக்குள் வரும் செய்திகளுக்கான எண்ணிட்ட வாசலில், காத்திருக்கிறது. பழைய வழிகாட்டிகள் என்ன சொல்லும் என்றால், ரவுட்டருக்குள் சென்று போர்ட் ஃபார்வர்டிங் பகுதியில் வெளியிலிருந்து 3389-க்கு வருவதையெல்லாம் வீட்டுக் கணினியின் முகவரிக்கு அனுப்பு என்று எழுது, பிறகு வீட்டின் ஐபி முகவரியை வைத்து எங்கிருந்தும் வரலாம் என்று சொல்லும். தொழில்நுட்ப அளவில் அது உண்மைதான். ஆனால் அப்படிச் செய்த கணத்திலிருந்து அந்தக் கணினியின் நுழைவுத் திரை உலகம் முழுவதற்கும் திறந்து கிடக்கிறது. இணையத்தின் ஒவ்வொரு ஐபி முகவரியையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நம்மை யார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. 32 பிட் முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு, இன்றைய கணினிகளுக்கு அவ்வளவையும் தேடுவது பெரிய வேலை அன்று.

திறந்த போர்ட்டைக் கண்டுபிடித்ததும் அவை செய்வது கடவுச்சொற்களை மாற்றி மாற்றி முயல்வது. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றிப் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. சாம்சாம், கிரைசிஸ் போன்ற பிணைத்தொகை வைரஸ்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத்தான் கணினிகளுக்குள் நுழைகின்றன என்று அதில் குறிப்பிட்டது. நல்ல கடவுச்சொல் வைத்தால் தப்பிக்கலாமே என்று எண்ணுபவர்கள் அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததை நினைவுகூர வேண்டும். 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. விண்டோஸ் 7 உள்ளிட்ட பழைய பதிப்புகளில் ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருந்தாலே போதும், உள்நுழையாமலே கட்டளைகளை ஓட்டிவிட முடியும் என்ற நிலை. ஆதரவை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசாப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்பதிலிருந்தே அதன் கடுமையை உணரலாம். 3389-க்குப் பதிலாக வேறு எண்ணில் போர்ட்டை வைத்துக்கொள்ளலாம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதனால் தட்டும் ஓசை சற்றுக் குறையும், அவ்வளவே. எண்ணை மாற்றியதால் ஓட்டை அடைபடாது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. இன்று பல வீட்டு இணைப்புகளில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும் பலனிருக்காது. முகவரிகள் தட்டுப்பாடாகிவிட்டதால், இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தி வைக்கின்றன. உங்கள் வீட்டிலும் அப்படியா என்று அறிய எளிய வழி உண்டு. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி (WAN IP) என்ற இடத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு என் ஐபி என்ன என்று காட்டும் ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் நடுவில் நிறுவனத்தின் பெட்டி ஒன்று நிற்கிறது என்று பொருள். ரவுட்டரில் தெரியும் எண் 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் ஐயமே வேண்டாம். 2012-இல் இந்தப் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசை அது. அத்தகைய இணைப்பில் வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் பெட்டியோடு நின்றுவிடும், நம் ரவுட்டர் வரை வந்து சேராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ரவுட்டர் அமைப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோனவர்கள் ஏராளம்.

நான் தேர்ந்தெடுத்த வழி, இரண்டு கணினிகளையும் ஒரு தனி வலையமைப்பில் சேர்த்துவிட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பை அந்த வலையமைப்புக்குள் மட்டும் இயக்குவது. இதற்கு, இணையத்தின் வழியே மறையாக்கிய தனிப்பாதை அமைக்கும் விபிஎன் நெறிமுறைகளில் ஒன்றான வயர்கார்டு இருக்கிறது. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் 5.6 பதிப்பிலேயே சேர்க்கப்பட்ட, அளவில் சிறிய, வேகமான நெறிமுறை அது. பொது ஐபி முகவரியும் வயர்கார்டு வசதியுள்ள ரவுட்டரும் இருப்பவர்கள் அதை நேரடியாகவே அமைத்துக்கொள்ளலாம். எனக்குப் பொது முகவரி இல்லாததால் வயர்கார்டின் மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேலைப் பயன்படுத்துகிறேன். தனிநபர்களுக்குக் கட்டணமில்லாத திட்டம் அதில் உண்டு. வீட்டுக் கணினியிலும் மடிக்கணினியிலும் அதை நிறுவி, இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்தால் இரண்டுக்கும் 100 என்று தொடங்கும் ஒவ்வொரு முகவரி கிடைக்கும். இரு முனைகளும் உள்ளிருந்து வெளியே நோக்கித்தான் அழைப்பைத் தொடங்குகின்றன என்பதால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை. இரண்டும் நேராகச் சந்திக்க முடியாத இடங்களில் டெயில்ஸ்கேலின் இடைநிலைச் சர்வர்கள் வழியாகப் போக்குவரத்து செல்லும். அப்போது வேகம் குறையலாம். ஆனால் செய்தி முனைக்கு முனை மறையாக்கப்பட்டிருப்பதால் நடுவில் யாரும் படிக்க இயலாது.

ஆளில்லாத கணினிக்கு டெயில்ஸ்கேலில் இரண்டு அமைப்புகள் இன்றியமையாதவை. ஒன்று, விண்டோஸில் அதன் விருப்பங்களில் உள்ள ரன் அன்அட்டெண்டட். அதைத் தேர்வு செய்யாவிட்டால், கணினி தானாக மறுதொடக்கம் ஆகி யாரும் உள்நுழையாமல் நிற்கும்போது தனி வலையமைப்பும் இயங்காது. வெளியூரில் இருக்கும் நமக்குக் கதவே தெரியாது. மற்றொன்று, சாவியின் காலாவதி. இயல்பாக 180 நாட்களில் ஒவ்வொரு கணினியும் மறுபடி உள்நுழையக் கேட்கும். வீட்டுக் கணினிக்கு மட்டும் நிர்வாகப் பக்கத்தில் அந்தக் காலாவதியை நிறுத்தி வைத்திருக்கிறேன். மடிக்கணினி தொலைந்துபோகக்கூடியது என்பதால் அதற்கு நிறுத்தவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, டெயில்ஸ்கேலில் நுழையப் பயன்படுத்தும் கூகுள் அல்லது மைக்ரோசாப்ட் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் இருக்க வேண்டும். இப்போது வீட்டின் சாவி அந்தக் கணக்குதான்.

இவ்வளவும் முடிந்த பிறகு அமைப்புகள், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று சென்று சுவிட்சைப் போடலாம். திரை தோன்றுவதற்கு முன்பே அடையாளத்தைக் கேட்கும் நெட்வொர்க் லெவல் அத்தென்டிகேஷன் என்ற தேர்வு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும், அதை அணைக்க வேண்டாம். பிறகு விண்டோஸ் ஃபயர்வாலின் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து, உள்வரும் விதிகளில் ரிமோட் டெஸ்க்டாப் பெயரில் உள்ள டிசிபி, யுடிபி விதிகளின் ஸ்கோப் பகுதியில், வெளி முகவரி என்ற இடத்தில், டெயில்ஸ்கேல் முகவரிகள் அடங்கிய வரிசையான 100.64.0.0/10 என்று மட்டும் எழுதிவிட்டேன். இதனால் வீட்டு வைஃபையில் இணையும் வேறு கருவிகள்கூட அந்த நுழைவைத் தொட முடியாது.

பலர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. வீட்டில் நான்கு இலக்கப் பின் (PIN) எண்ணைத் தட்டியே கணினியைத் திறந்து பழகியவர்கள் ரிமோட் டெஸ்க்டாப்பிலும் அதையே தட்டுவார்கள், அது ஏற்காது. பின் எண் அந்த ஒரு கருவிக்கு மட்டும் உரியது. இங்கே கேட்கப்படுவது கணக்கின் முழுக் கடவுச்சொல். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைபவர்கள் பயனர் பெயராகத் தங்கள் மின்னஞ்சல் முகவரியைத் தர வேண்டும். அந்தக் கணினியில் எப்போதும் பின் எண்ணை மட்டுமே பயன்படுத்தியிருந்தால், வீட்டில் உட்கார்ந்து ஒரு முறையாவது கடவுச்சொல்லைக் கொண்டு உள்நுழைந்துவிட்டு வருவது நல்லது. கடவுச்சொல்லே இல்லாத உள்ளூர்க் கணக்கை விண்டோஸ் வெளியிலிருந்து அனுமதிப்பதில்லை. அது சரியான முடிவே. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து, 10 முறை தவறாகத் தட்டினால் கணக்கு 10 நிமிடங்கள் பூட்டப்படும் என்பதும் இயல்பமைப்பாகிவிட்டது.

மின்சாரத்துக்கு வருவோம். 50 வாட் இழுக்கும் கணினி நாள் முழுவதும் ஓடினால் 1.2 யூனிட் ஆகும்; தமிழ்நாட்டின் இரண்டு மாதக் கணக்கீட்டில் அது 72 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் வாழும் சிறு வீட்டுக்கு அது பாரம்தான். அதனால் என் கணினி உறக்கத்தில்தான் இருக்கும், தேவைப்படும்போது எழுப்பிக்கொள்கிறேன். வேக்-ஆன்-லான் என்ற இந்த வசதியின் இயக்கம் அழகானது. கணினி உறங்கும்போதும் அதன் நெட்வொர்க் அட்டைக்குச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அது ஒரே ஒரு செய்திக்காகக் காத்திருக்கும். எல்லாப் பிட்களும் 1 என்று உள்ள 6 பைட்டுகள், அதைத் தொடர்ந்து அந்த அட்டைக்கே உரிய அடையாளமான 6 பைட் மேக் முகவரி 16 முறை. மொத்தம் 102 பைட்டுகள். தன் முகவரி பதினாறு முறை வரிசையாக வருவதைக் கண்டதும் அட்டை கணினியை எழுப்பிவிடும். கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை நிரலான பயாஸிலும், டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அட்டையின் பண்புகளிலும் இதற்கான தேர்வுகளை இயக்க வேண்டும்; கணினி கேபிளில் இணைந்திருப்பது நல்லது. முழுவதும் அணைத்த நிலையிலிருந்தும் எழுப்ப விரும்பினால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அதற்குத் தடையாகலாம் என்பதால் அதை அணைத்துவிட வேண்டும்.

இந்தச் செய்தி வீட்டு வலையமைப்புக்குள்ளிருந்து வர வேண்டும் என்பதுதான் சிக்கல். உறங்கும் கணினியில் டெயில்ஸ்கேலும் உறங்குவதால் அதன் வழியே எழுப்ப முடியாது. எப்போதும் விழித்திருக்கும் கருவி ஒன்று வீட்டில் தேவை. என் வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று இருக்கிறது. மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் அதிலும் டெயில்ஸ்கேலை நிறுவியிருக்கிறேன். சென்னையிலிருந்து அதற்குள் சென்று ஒரு கட்டளை கொடுத்தால் பக்கத்து மேசையில் கணினி விழிக்கும். சில ரவுட்டர்களிலேயே இந்த வசதி உண்டு. எழுந்ததும் தாமதிக்காமல் இணைந்துவிட வேண்டும். இப்படி எழுப்பப்பட்ட கணினியை யாரும் தொடாவிட்டால், விண்டோஸ் இயல்பாக 2 நிமிடங்களில் மீண்டும் உறங்க வைத்துவிடும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கும்பகோணத்தில் மின்தடை புதிதன்று. பயாஸில், மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன செய்வது என்ற தேர்வில் பவர் ஆன் என்பதை வைத்திருக்கிறேன். மின்சாரம் வந்ததும் கணினி தானே எழும். யுபிஎஸ்ஸைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கணினியை மட்டும் அதில் செருகிவிட்டு ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் சுவரில் விட்டுவிடுகிறோம். கணினி ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் யாரும் அதை அடைய முடியாது. ராஸ்பெர்ரி பை, ரவுட்டர், ஃபைபர் பெட்டி ஆகிய மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

பயன்படுத்தும்போது கவனித்தவை சில. எழுத்துருக்கள் மடிக்கணினியில் தேவையே இல்லை. பக்கம் வீட்டுக் கணினியில் வரையப்பட்டுப் படமாகத்தான் வந்து சேர்கிறது. ஆனால் இணைப்பு நிரலின் எக்ஸ்பீரியன்ஸ் பகுதியில் எழுத்துருவை மென்மையாக்கும் தேர்வு அணைந்திருந்தால், 10 புள்ளி அளவுத் தமிழ் எழுத்தின் வளைவுகள் உடைந்து தெரியும். ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளில் மெய்ப்புப் பார்க்கும் கண் ஏமாறும். அதை இயக்கிவிட்டு, பின்னணிப் படத்தையும் அசைவூட்டங்களையும் அணைத்துக்கொள்வேன். அப்படியும் நிறங்களை இந்த வழியில் முடிவு செய்வதில்லை, அட்டை வடிவமைப்பை வீட்டில்தான் முடிக்கிறேன். தமிழ்99 விசைப்பலகைக்கு என்எச்எம் ரைட்டர் போன்ற தனி நிரல் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக் கணினியில் மட்டும் இயக்கி, கையிலுள்ள மடிக்கணினியை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பது நல்லது. இரண்டு பக்கமும் இயங்கினால் எது எழுத்தை மாற்றுகிறது என்பது புரியாமல் குழப்பமே மிஞ்சும். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் கையிலுள்ள கணினியையே பிடிக்கும் என்பதால் அங்கே கன்ட்ரோல்-ஆல்ட்-எண்ட் என்று தட்ட வேண்டும். இணைப்பு வேகமாக இருந்தாலும் செய்தி போய் வர எடுக்கும் நேரம் கூடினால் மவுஸ் பின்தங்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் எழுத்து வேலை நன்றாகவே நடக்கிறது, படத்தை இழுத்துப் பொருத்துவதுதான் கடினம். பிறர் கணினியிலிருந்து நான் இணைவதே இல்லை. கிளிப்போர்டும், தேர்வு செய்தால் வட்டுகளும், இரு பக்கமும் பகிரப்படும் என்பதால், அங்கே இருக்கும் கிருமி இங்கே வர வழியிருக்கிறது.

வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். தொலைவிலிருந்து கணினியை இயக்கலாம் என்பதை அவர் என்னிடம் பார்த்துவிட்டதால், அதன் மறுபக்கத்தையும் அவருக்குச் சொல்ல வேண்டியது என் கடமையாயிற்று. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து, எனிடெஸ்க் என்ற செயலியை நிறுவச் சொல்லி, திரையில் தோன்றும் 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, அவருடைய போனிலிருந்தே பணத்தை எடுக்கிறார்கள் என்பதே அதன் சாரம். அந்தச் செயலி தவறானதன்று, நியாயமான வேலைக்குப் பலர் பயன்படுத்துவதுதான். அதை யார் சொல்லி நிறுவுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "அம்மா, பேங்க்குன்னு சொன்னாலும், கரண்ட் ஆபீஸ்னு சொன்னாலும், நான் அனுப்பின ஆளுன்னு சொன்னாலும், போன்ல எதையும் ஏத்தாதீங்க, கட் பண்ணிட்டு எனக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். அப்படியும் ஏதேனும் நடந்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைத் தொலைபேசிக்கு அருகே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இதை அமைப்பவர்கள் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே முழுச் சோதனையும் செய்து பார்க்க வேண்டும். மடிக்கணினியை வீட்டு வைஃபையிலிருந்து துண்டித்து, போனின் மொபைல் டேட்டாவில் இணைத்துவிட்டு வீட்டுக் கணினிக்குள் நுழைந்து பாருங்கள். ஒரே வைஃபையில் இருந்துகொண்டு செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது. நுழைந்த பிறகு உள்ளிருந்தே மறுதொடக்கம் கொடுத்து, மேசைப் பக்கம் போகாமல் மீண்டும் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். உறங்க வைத்து எழுப்பிப் பாருங்கள். கடைசியாக, கணினியை முறையாக அணைத்து, மெயின் சுவிட்சையும் யுபிஎஸ்ஸையும் சில நிமிடங்கள் அணைத்துவிட்டுப் போடுங்கள். ரவுட்டர், ராஸ்பெர்ரி பை, கணினி என்று ஒவ்வொன்றாக எழுந்து, யார் கையும் படாமல் மூன்றும் டெயில்ஸ்கேலின் பட்டியலில் பச்சைப் புள்ளியோடு தெரிந்தால் பயணச்சீட்டை எடுக்கலாம்.